மடையைத் திறந்தவர் பங்கு: புன்செய் நாட்டு நீருரிமைச் சட்டமும் செமோர்த் தோட்டங்களும்

நீருரிமைச் சட்டத்தின் வரலாற்றைப் பேசுவதற்குச் செமோர் ஏற்ற இடந்தானா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். கேள்வி முறையானதே. ஈப்போ வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர். பிற்பகலில் கிளேடாங் மலைத்தொடரின்மேல் கருமேகம் இறங்கினால் மாலைக்குள் சாக்கடைகள் நிரம்பிவிடுகின்றன. பழைய ஈயக் குட்டைகளில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கின்றது. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, இதில் மூன்றில் ஒரு பங்கு மழைகூடச் சரிவரக் கிடைக்காத இராமநாதபுரத்துக் கண்மாய்களைப் பற்றிப் பேசுவானேன்?

காரணம், இவ்வூர்த் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் முன்னோருள் பலர் அத்தகைய வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த தெய்வங்களையும் பாட்டுகளையும் நாம் ஓரளவு பதிந்து வைத்திருக்கிறோம். நீரோடு அவர்களுக்கு இருந்த சட்ட உறவைப் பதியவில்லை. அந்த உறவு விந்தையானது. கண்மாயில் மண் சுமந்தவர்களும் மடையைத் திறந்து மூடியவர்களும் அவர்களே. ஆனால் அந்த நீரில் பங்கு கேட்கும் உரிமை அவர்களுட் பெரும்பாலோர்க்கு இல்லை. கடல் கடந்து வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை என்பதும், இரு நாட்டுச் சட்டநூல்களும் இதற்குச் சான்று தருகின்றன என்பதுமே நாம் இங்கு காட்ட விழைவன.

முதலில் கண்மாய் இயங்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் பிறந்து வளர்ந்த மாணவர்க்கு ஏரி என்றால் பெரிய நீர்நிலை என்ற அளவில்தான் பொருள் தோன்றும். பாண்டி நாட்டார் கண்மாய் என்பதும் தொண்டை நாட்டார் ஏரி என்பதும் பெரும்பாலும் மனிதர் உண்டாக்கியவை. சரிவான நிலத்தில் பிறைவடிவில் ஒரு மண்கரை. மேற்புறத்தில் பெய்யும் மழைநீர் ஓடிவந்து அக்கரையால் தடுக்கப்பட்டு நிற்கும். கரையின் அடியில் மடை. அதன்வழி நீர் வயலுக்குச் செல்லும். கரையின் ஓரத்தில் கலிங்கு. கண்மாய் நிரம்பினால் மிகுநீர் அதன்வழி வழிந்து கீழேயுள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். இவ்வாறு வைகைப் படுகையில் கண்மாய்கள் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மடையின்வழிப் பாயும் நிலம் ஆயக்கட்டு. அது நன்செய். ஆயக்கட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் வானம் பார்த்த புன்செய். கம்பும் வரகும் கேழ்வரகும் விளையும் மானாவாரி நிலம். ஊருணி என்பது இவற்றினின்று வேறு. அது குடிநீருக்கென்று தனியே காக்கப்படும் குளம்.

இந்த அமைப்பில் நீருரிமை பற்றிய வழக்குகள் எங்கெங்கு எழும் என்பதை எளிதில் உணரலாம். கலிங்கின் உயரத்தை ஒரு முழம் கூட்டினால் மேலூர்க்காரர் நிலம் முழுகும். கீழூர்க் கண்மாய் காயும். வரத்துக்காலை மறித்தால் மொத்தமும் போயிற்று. கண்மாயில் நீர் குறைந்துவிட்டால் தலைமடை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் பூசல் எழும். இவற்றையெல்லாம் மாமூல் என்னும் வழக்காறு ஆண்டது. எந்த ஊருக்கு எத்தனை நாள் முறை, எந்த மடைக்கு எத்தனை நாழிகை என்பன தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் நின்றன. பிற்காலத்தில் மாமூல்நாமா என்ற பெயரில் எழுதியும் வைக்கப்பட்டன.

முறையை நடைமுறைப்படுத்த ஒருவர் வேண்டும். இராமநாதபுரப் பகுதியில் அவர் பெயர் நீர்பாய்ச்சி, வேறிடங்களில் நீர்க்கட்டி. அவரே மடையைத் திறப்பார், வயலுக்கு வயல் நீரைத் திருப்புவார், மழைக்காலத்து இரவில் கரையைக் காப்பார். நிலவுடையவன் தன் வயலுக்குத் தானே வாய்க்காலை வெட்டிவிடுவது குற்றம். இந்த நீர்பாய்ச்சிகள் மிகப் பல ஊர்களில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவரிடம் அவ்வேலையை ஒப்படைத்ததற்குக் கிராமத்தார் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: ஆயக்கட்டில் அவருக்கு நிலமில்லை, ஆகையால் ஒருபாற் கோடமாட்டார். நீரில் பங்கில்லாமையே நீரைப் பங்கிடும் தகுதி ஆயிற்று.

(‘மடையன்’ என்னும் வசைச்சொல் மடையைத் திறந்தவரிடமிருந்து பிறந்தது என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. சுவையான கதை, ஆனால் மடமை என்னும் சொல் அருகிலேயே இருக்கும்போது அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை.)

அவருடைய கூலி களத்தில் அளக்கப்பட்டது. அறுவடையின்போது ஒவ்வொரு நிலவுடைமையாளரும் இத்தனை மரக்கால் நெல் என்று கொடுப்பார். தச்சர், கொல்லர், வண்ணார் முதலியோர் பெற்ற பங்கையும் சேர்த்து இதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். இன்று விடுதலை என்று நாம் பொருள்கொள்ளும் அதே சொல், பழைய வருவாய்க் கணக்குகளில் ஊழியக்காரனுக்குக் களத்தில் அளந்த நெல்லைக் குறித்தது. ஆக, நீர்பாய்ச்சிக்கு உரிமையே இல்லை என்று சொல்வதும் பிழையாகும். அவருக்கு விளைச்சலில் உரிமை இருந்தது, நீரில் இல்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவருடைய உரிமையும் பொய்த்தது.

நீரின் ஆட்சி நிலவுடைமையோடு பிணைந்திருந்தது வெள்ளையர் ஆட்சியில் தோன்றிய செய்தி அன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நம் மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறையைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தக்கதே. முப்பது குடும்புகளிலிருந்து குடத்தில் ஓலையிட்டு வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தார்கள். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம், அதில் அறுவர். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் என்ன தகுதி? 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள். சொந்த மனையில் வீடு. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல். அது ஒரு பிரமதேயச் சபை என்பதையும் சேர்த்துக்கொள்க. ஏரியில் மண் எடுத்தவனுடைய பெயர் அக்குடத்திற்குள் விழ வழியே இல்லை. பழைய முறையைப் பொற்காலம் என்று காட்டிப் புதிய சட்டம் அதைக் கெடுத்தது என்று எழுதும் நூல்கள் இவ்வரிகளைச் சற்று விரைந்து கடந்துவிடுகின்றன.

ஊருணியின் நிலையோ இன்னும் கடியது. வயலுக்குப் பாயும் நீரையாவது ஒடுக்கப்பட்டவர் கை தொட்டது; குடிக்கும் நீரை அவர் தொடக்கூடாது. அதே ஊரில், அதே மனிதரால்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். கிழக்கிந்தியக் கும்பெனி 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் சென்னை மாகாணத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொணர்ந்தது. அதன்கீழ் 1803-இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாயின. பிற பகுதிகளிற் பெரும்பாலானவை இரயத்துவாரி முறைக்குள் வந்தன. இரண்டிலும் கேள்வி ஒன்றே: வரி யாரிடம், எவ்வளவு? கண்மாயைப் பழுதுபார்ப்பது யார் என்பதற்கு அத்திட்டங்களில் தெளிவான விடை இல்லை. கரைகள் தேய்ந்தன, மடைகள் சரிந்தன. 1852-இல் சென்னை மாகாணப் பொதுப்பணி ஆணையம் நீர்நிலைகளின் சீர்கேட்டை விரிவாக எழுதியது. வரியை மட்டும் வாங்கிக்கொண்டு செலவைத் தவிர்க்கும் அரசுக்கு அது இனிய வாசிப்பாக இருந்திராது.

அதன்பின் வந்தது 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். கட்டாய உழைப்புச் சட்டம் என்று அறியப்படுவது. கரை உடைப்பெடுக்கும் அபாயம் நேர்ந்தால் ஊரிலுள்ள உடல்வலிமையுடைய ஆண்களை அதிகாரிகள் வேலைக்கு அழைக்கலாம். அன்றியும், குடிமராமத்து எனப்படும் வழக்கமான பராமரிப்பு உழைப்பைத் தர மறுப்பவர், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு பணம் கட்ட வேண்டும். இச்சட்டத்தைப் படிக்கையில் ஒன்று புலனாகும். ‘குடிமராமத்து’ என்பதைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்று சொல்லிக்கொண்டே அரசு அதைச் சட்டக் கடமையாக்கியது. மராமத்து என்னும் சொல்லே அரபு வழியில் வந்த ஆட்சிச்சொல். பழைய அரசர் காலத்தில் கண்மாய்க்கென்று ஒதுக்கிய மானியங்களும் ஊர்ப்பொதுப் பங்கும் பராமரிப்புக்கு உதவின. அவை கரைந்தபின் எஞ்சியது உழைப்புக் கடமை மட்டுமே. அதுவும் யார் தோளில் இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை: நிலவுடையவன் தன் பங்குக்குத் தன் பண்ணையாளை அனுப்பினான்.

கடமை இவ்வாறு எழுதப்பட்டது. உரிமை எவ்வாறு எழுதப்பட்டது? 1865-ஆம் ஆண்டின் ஏழாம் சட்டமாகிய நீர்ப்பாசன வரிச் சட்டம், அரசுக்குச் சொந்தமான அல்லது அரசு கட்டிய ஆறு, ஓடை, கால்வாய், குளம் ஆகியவற்றிலிருந்து நீர் பாய்ச்சினால் தனி வரி விதிக்கலாம் என்றது. புன்செய் நிலத்துக்கு அரசு நீர் பாய்ந்தால் தீர்வைக்கு மேல் ‘தீர்வை ஜாஸ்தி’. நன்செயில் இரண்டாம் போகம் விளைத்தால் ‘பசலி ஜாஸ்தி’. கிராமக் கணக்குப் பிள்ளைகளின் ஏடுகளில் இச்சொற்கள் நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்தன. நிலத்துக்கு நன்செய் என்று பெயரிட்டு வரி வாங்கும்போதே நீருக்கும் சேர்த்து வாங்கியாயிற்று என்பது குடியானவர் வாதம். நீர் அரசினுடையது, தருகிற அளவை அரசே தீர்மானிக்கும் என்பது அரசின் வாதம்.

இவ்வாதம் இலண்டன் வரை சென்ற வழக்கு ஒன்றுண்டு. வடகோடியிலிருந்த உருலாம் ஜமீன் வம்சதாரா ஆற்றிலிருந்து பழைய கால்வாய்கள் வழி நீர் எடுத்துவந்தது. இரண்டாம் போகத்துக்கு அரசு தனி வரி கேட்டது. 1917-இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது: நிலையான நிலவரித் திட்டத்தின்போது கால்வாய் எவ்வளவு நீரைக் கொண்டுவந்ததோ அவ்வளவு நீருக்கு அவருக்கு உரிமை உண்டு, அதை எத்தனை போகத்துக்குப் பயன்படுத்தினாலும் வரி இல்லை. சென்னை மாகாண நீர்ச்சட்டத்தில் பெயர்பெற்ற தீர்ப்பு இது. ஆனால் வழக்காடியவர்கள் யார் என்று பாருங்கள். ஒருபுறம் அரசு, மறுபுறம் ஜமீன்தார். நீரின்மீது உரிமை கொண்டாட நீதிமன்றப் படியேறியவர்கள் இவ்விரு தரத்தாரும் பெருநிலவுடைமையாளருமே.

இதற்கிடையில் 1882-இல் இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. அது முதலில் நடைமுறைக்கு வந்த மாகாணங்களுள் சென்னையும் ஒன்று. ஆங்கில நாட்டின் கரையுரிமைக் கோட்பாடு அதில் உள்ளது: ஆற்றங்கரையில் நிலமுடையவன், கீழே உள்ளவனுக்குக் குறை நேராவண்ணம் அவ்வாற்று நீரைப் பயன்படுத்தலாம். ஆண்டெல்லாம் மழை தூறும் நாட்டில் பிறந்த சட்டம் இது. ஆற்றில் நீர் எப்பொழுதும் ஓடும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது. ஆண்டில் சில வாரமே நீரோடும் வைகைக்கு அது எப்படிப் பொருந்தும்? சட்டத்தை எழுதியவர்களும் இதை ஓரளவு அறிந்திருந்தனர் போலும். இரண்டாம் பிரிவில், ஆறு முதலியவற்றின் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள அதிகாரத்தை இச்சட்டம் தொடாது என்று காப்பு வைத்தனர். பதினெட்டாம் பிரிவில் ஊர்வழக்காற்றால் வரும் வசதியுரிமைக்கும் சிறு கதவு திறந்தனர். மாமூல்நாமாக்கள் அக்கதவின் வழியேதான் நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது. அதுவும் நீண்டகாலத் தொடர்ச்சியை ஐயமறக் காட்டினால்.

அதே 1882-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வறண்ட மேற்கில் வேறொரு தீர்ப்பு வந்தது. கொலராடோ உச்ச நீதிமன்றம் லெஃப்ட் ஹேண்ட் டிட்ச் வழக்கில், எங்கள் வறண்ட நாட்டுக்குக் கரையுரிமை ஒவ்வாது என்று அதைத் தள்ளிவிட்டது. கரையில் நிலம் இருக்க வேண்டியதில்லை. நீரை முதலில் பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை என்றது. கலிபோர்னியாவில் பொன் அகழ்ந்தவர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கத்திலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. வறட்சி அங்கே சட்டத்தைத் திருத்தி எழுத வைத்தது. நம் நாட்டிலோ வறட்சிக்கேற்ற சட்டம் முன்னரே ஊர்தோறும் இருந்தது. அதன்மேல் மழைநாட்டுச் சட்டம் போர்த்தப்பட்டது. கொலராடோவின் முறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. முதலில் பயன்படுத்தியவர் என்னும் வரிசையில் அம்மண்ணின் பழங்குடிகளை அச்சட்டமும் நிறுத்தவில்லை.

வசதியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வரையறுத்த ஓட்டமில்லாத நிலத்தடி நீரை, நிலத்துக்குரியவன் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. கிணறும் கவலையும் இருந்த நாளில் இதனால் பெருந்தீங்கு இல்லை. மாடு இழுக்கும் அளவுக்குத்தான் நீர் ஏறும். மின்னிறைப்பி வந்தபின் இச்சிறு வாசகம் மொத்தக் கண்மாய் முறையையும் அடிப்புறத்திலிருந்து அரித்தது. கிணறு வெட்ட முடிந்தவன் முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; முறைக்குக் காத்திராதவன் கரைக்கு மண் சுமக்க வரவேண்டியதுமில்லை. நீர்பாய்ச்சியின் களத்து நெல்லும் அவ்வாறே சுருங்கியது.

விடுதலைக்குப் பிந்திய நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து அவற்றின் நீர்நிலைகள் அரசுடைமையாயின. தமிழ்நாட்டில் கண்மாய்களும் ஏரிகளுமாக ஏறக்குறைய 39,000 உள்ளன. பெரியவை பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் பிரிந்தன. 2000-இல் பாசன விவசாயிகளுக்கு மேலாண்மையில் இடந்தரும் சட்டம். 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம். பின்னது நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. 2017-இல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. வட இந்தியாவுக்கு 1873-இலும் பம்பாய்க்கு 1879-இலும் பாசனத்துக்கென ஒரு முழுச்சட்டம் கிடைத்திருக்க, சென்னை மாகாணத்தில் பலமுறை முயன்றும் அத்தகைய ஒன்று நிறைவேறாமலே போயிற்று.

குடிநீரைப் பொறுத்தவரை திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார்: பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடை கூடாது. தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையாயிற்று. 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்து மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அருந்தினார். அவரைத் தடுக்கத் தொடுத்த வழக்கு பத்தாண்டு நடந்து, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவருக்குச் சார்பாக முடிந்தது. மேல்சாதியார் தம் தனியுரிமை தொன்மையான வழக்காறு என்றனர். அவ்வழக்காறு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். நீருரிமை வரலாற்றில், நிலமில்லாத ஒருவர் நீரைத் தன் உரிமையாகக் கேட்டு வென்ற அரிய வழக்கு இது.

அவ்வாண்டுகளுக்கு முன்னரே பல்லாயிரவர் கப்பலேறிவிட்டனர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலாயாவுக்கு வந்தவர்கள் திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு, தஞ்சாவூர் முதலிய மாவட்டத்தவர், இராமநாதபுரத்தாரும் உண்டு. எல்லாரும் வறண்ட நிலத்தார் அல்லர். காவிரிப் பாய்ச்சலில் பண்ணையாளாக இருந்தவர்களும் வந்தனர். அவர்களுக்கும் வறண்ட நாட்டார்க்கும் பொதுவானது ஒன்று: பெரும்பாலோர்க்கு ஆயக்கட்டில் நிலமில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் நீரின்மேல் உரிமையற்ற இம்மக்களே.

அவர்கள் வந்திறங்கிய நாட்டில் நீரின் சிக்கல் தலைகீழானது. இங்கே நீரைத் தேக்குவதைவிட வடிப்பதே வேலை. 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்த செய்தி நூல்களில் உண்டு. அவ்வடிகால்கள் பலவற்றை வெட்டிய கைகள் எவை என்று ஊகித்துக்கொள்ளலாம். பேராக்கின் வடக்கே கிரியானில் 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு பெரும் நெற்பாசனத் திட்டம் நிறைவேறியது. ஆனால் கிந்தாப் பள்ளத்தாக்கில் நீருக்காகப் போட்டியிட்டது நெல் அன்று, ஈயம். மலையிலிருந்து குழாய்வழி நீரைக் கொணர்ந்து மண்ணைக் கரைத்து, பாலோங் என்னும் நீண்ட மரச்சாரத்தில் ஓடவிட்டு ஈயமணலைப் பிரிப்பது அன்றைய தொழில்நுட்பம். ஈய லம்பத்துக்கு நீர் இல்லையேல் தொழில் இல்லை. கழிவு மண்ணோ ஆற்றில் இறங்கி ஆற்றுப் படுகையையே உயர்த்தியது. ஆகவே நீரை எடுப்பதற்கும் கழிப்பதற்கும் சட்டம் தேவைப்பட்டது.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1920-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், ஆறுகளின் முழு உடைமையும் கட்டுப்பாடும் அந்தந்த மாநிலத்தின் ஆட்சியாளரையே சாரும் என்று விதித்தது. முன்னரே வழங்கப்பட்ட உரிமைகளுக்கு மட்டும் விலக்கு. ஆற்றிலிருந்து நீரைத் திருப்ப உரிமம் வேண்டும். திருத்தங்களோடு இச்சட்டம் இன்றும் பேராக்கில் உள்ளது. இதைச் சென்னையின் 1865, 1882 சட்டங்களோடு அருகருகே வைத்துப் படிக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். அங்கே அரசின் உரிமை வரியின் வழியும் காப்புப் பிரிவின் வழியும் சுற்றிவளைத்து நுழைந்தது. இங்கே ஒரே வாக்கியத்தில் நேராக நின்றது. ஊர் வழக்காறு என்னும் இடையூறு இங்கே பெரிதாக எதிர்நிற்கவில்லை போலும்; சட்டம் எழுதுவோர்க்கு அது பெரும் வசதி.

அப்படியாயின் செமோர்த் தோட்டத்தில் பால் வெட்டிய தொழிலாளிக்கு எந்தச் சட்டம் நீர் தந்தது? நீர்ச் சட்டம் தரவில்லை. தந்தது தொழிலாளர் சட்டம். இந்திய அரசு 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றி அழுத்தம் தந்ததை அடுத்து, 1923-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. குடியிருப்பு, நல்ல நீர், மருத்துவ வசதி, பிள்ளை மடுவம், பள்ளி ஆகியவற்றைத் தருவது முதலாளியின் கடமை என்று அது விதித்தது. கடமை என்பதைக் கோடிட்டுக்கொள்க. தொழிலாளிக்கு நீரில் உரிமை என்று எழுதப்படவில்லை. முதலாளி தவறினால் தொழிலாளர் இலாகா கேட்கும். தொழிலாளி கேட்பதற்கு வழி குறைவு. நீர் சம்பளத்தைப் போல, லயத்து வீட்டைப் போல, வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. களத்தில் அளந்த நெல்லுக்கும் குழாயடியில் பிடித்த நீருக்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வேறுபாடில்லை.

விடுதலைக்குப் பின்னும் இதன் நிழல் நீண்டது. நாட்டுப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பங்களுக்குக் குழாயும் மின்சாரமும் கொண்டுசென்றபோது, தோட்டம் தனியார் நிலம் என்னும் காரணத்தால் அது அத்திட்டங்களுக்கு வெளியே நின்றது. சாலையோரம் பொதுக்குழாய் ஓடும், தோட்டத்துக்குள் திரும்பாது. அதே காலத்தில் தோட்டத் துண்டாடலும் நிகழ்ந்தது. பெருந்தோட்டங்களை வாங்கிச் சிறு துண்டுகளாக்கி விற்றதில் வேலையும் வீடும் இழந்தோர் பலர். அதுபற்றி உங்கு அசீஸ் தலைமையில் விரிவான ஆய்வு நடந்தது. செமோருக்கு அடுத்த சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் தோட்டத்துக்கு உடைமையாளராவது அதன் நோக்கம். அதை நாம் வழக்கமாக வேலையையும் வீட்டையும் காத்த முயற்சியாகவே போற்றுகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் உருலாம் தீர்ப்பையும் படித்துவிட்டு நோக்கினால் இன்னொன்றும் தெரிகின்றது. நீர்பாய்ச்சியின் வழித்தோன்றல்கள் முதன்முதலாகப் ‘பங்கு’ என்னும் சொல்லைத் தம் பெயரில் எழுதிக்கொண்ட தருணம் அது.

1966-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்துக்கு மாற்றாக 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்சக் குடியிருப்பு, வசதிகள் சட்டம், இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்நீர் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டமே. எனினும் 1923-இன் இலக்கணம் மாறவில்லை: கடமை முதலாளிக்கு, தொழிலாளியாக இருக்கும் வரை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறி, முதலாளி விற்றுவிட்டு அகன்றபின், பழைய லயத்தில் எஞ்சியிருக்கும் மூதாட்டிக்கு நீர் தரும் கடமை யாருடையது? அவர் இப்பொழுது தொழிலாளி அல்லர். நிலத்துக்கு உரியவரும் அல்லர். 2005-இல் அரசமைப்பைத் திருத்தி நீர் வழங்கலைக் கூட்டரசும் மாநிலமும் பொதுவில் ஆளும் பட்டியலுக்கு மாற்றினர். 2006-இல் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் வந்தது. ஆறுகள் மாநிலத்திடமே நிற்கின்றன. இவ்வளவு ஏற்பாட்டுக்குள்ளும் நீர்மானி ஒருவர் பெயரில் பதியப்பட வேண்டுமாயின், அவர் வீட்டுக்கு உரியவர் அல்லது உரியவரின் இசைவு பெற்றவர் என்று காட்ட வேண்டியிருக்கின்றது. கால் வேலி நிலம் இருந்தால்தான் ஓலையில் பெயர் எழுதலாம் என்ற பழைய விதியை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை.

இவ்வுரைக்கு வேண்டிய சான்றுகளுள் சட்டநூலில் கிடைப்பன கிடைத்துவிட்டன. கிடைக்காதவை இவ்வட்டாரத்து வீடுகளில் உள்ளன. ஆகவே மேல்நிலை மாணவர்க்கு ஒரு பணியை விட்டுச் செல்கிறோம். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டன் பாட்டியரிடம், வேலை எப்படி, கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே இவற்றையும் கேட்டு எழுதுங்கள். தோட்டத்து நீர் எங்கிருந்து வந்தது: கிணறா, மலையோடையா, பொதுக்குழாயா? லயத்துக்கு எத்தனை குழாய்? துரை பங்களாவுக்கும் கிராணி வீட்டுக்கும் தனிக்குழாய் இருந்ததா? குழாயடியில் சாதி பார்த்து வரிசை நின்றதுண்டா? ஊரில் இருந்த காலத்தில் மடை திறந்தவர் யாரேனும் குடும்பத்தில் உண்டா? தோட்டத்து நீர்த்தொட்டியின் திறப்பு யாரிடம் இருந்தது, காலையில் எத்தனை மணிக்கு அவர் அதைத் திறந்தார்?